எடிட் பாதி ஆபீசில், பாதி வீட்டில்: ஃபுட்டேஜை எங்கே, எப்படி வைப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சாலிகிராமத்தில் சின்ன போஸ்ட் புரொடக்‌ஷன் ஆபீஸ், நான்கு எடிட் சிஸ்டம், நடுவில் எல்லாரும் நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டியான ஒரு நாஸ். இரண்டு எடிட்டர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருவர் கோவையில் விண்டோஸ் சிஸ்டத்தில் வேலை செய்கிறார், இன்னொருவர் திருநெல்வேலியில் மேக்புக்கில். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஹார்ட் டிஸ்க் கூரியரில் போய் வருகிறது. திரும்பி வந்ததை ஆபீசில் திறந்தால் டைம்லைன் முழுக்கச் சிவப்பு, அதாவது ஃபைல் கிடைக்கவில்லை என்ற அடையாளம்; ஃபைல் எங்கே என்று மறுபடி காட்டி ரீலிங்க் பண்ணவே அரை நாள் போகிறது. எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டால் இது தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீராது. கிளவுடில் ஏற்றினாலும் அதே சிவப்பு வரும், கூடவே மாதாமாதம் பில்லும் வரும். எடிட்டிங் மென்பொருள் பெரும்பாலும் ஃபுட்டேஜைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. பிரீமியர் ஆகட்டும், டாவின்சி ரிசால்வ் ஆகட்டும், ப்ராஜெக்டுக்குள் இருப்பது வெறும் முகவரிதான்: இந்த டிரைவ், இந்த ஃபோல்டர், இந்தப் பெயருள்ள ஃபைல், அதில் இந்த ஃபிரேமிலிருந்து அந்த ஃபிரேம் வரை. ஆபீசில் அந்த முகவரி இசட் டிரைவ் என்று தொடங்குகிறது. கோவைக்காரர் டிஸ்கைச் செருகியதும் விண்டோஸ் அதற்கு ஈ என்றோ எஃப் என்றோ அப்போது காலியாக இருக்கிற எழுத்தைக் கொடுக்கிறது. மேக்கில் டிரைவ் எழுத்தே கிடையாது, டிஸ்கின் பெயர்தான் முகவரியில் வரும். ஆக ஒரே ஷாட்டுக்கு மூன்று விலாசம். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் தபால் போட்டால் திரும்பித்தானே வரும்.

அதனால் முதல் வேலை முகவரியை ஒன்றாக்குவது, இதற்குக் காசு எதுவும் செலவில்லை. ஆபீசில் உள்ள எல்லா விண்டோஸ் சிஸ்டத்திலும் நாஸை ஒரே டிரைவ் எழுத்தில் வரும்படி மேப் பண்ணுங்கள். கோவைக்காரரின் டிஸ்குக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதே எழுத்தையே கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை கொடுத்துவிட்டால் அந்தச் சிஸ்டம் அந்த டிஸ்கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். மேக்கில் டிஸ்கின் பெயரை நாஸ் ஷேரின், அதாவது நாஸில் பகிரும் ஃபோல்டரின், பெயரேயாக வையுங்கள். அவர் ஆபீசுக்கு வரும் நாளில் மட்டும் கவனம் வேண்டும்: அதே பெயரில் டிஸ்கும் ஷேரும் ஒரே நேரத்தில் மவுன்ட் ஆனால் மேக் இரண்டாவதற்குப் பின்னால் 1 என்று சேர்த்துவிடும், அன்றைக்குச் சேர்த்த ஃபைல்கள் எல்லாம் மறுநாள் ஆஃப்லைன் ஆகும். விண்டோசுக்கும் மேக்குக்கும் இடையே முகவரியை அப்படியே ஒன்றாக்க முடியாது. ஆனால் டிரைவுக்கு உள்ளே இருக்கும் ஃபோல்டர் அடுக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் பிரீமியரில் ஒரே ஒரு ஃபைலைக் காட்டினால் போதும், மற்றதைத் தானே பிடித்துக்கொள்ளும். ரிசால்விலும் சோர்ஸ் ஃபோல்டரை மாற்றுகிற ஒரே கட்டளையில் முடிந்துவிடும். உங்கள் அரை நாள் அரை நிமிடமாகிவிடும்.

அடுத்தது பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடி வாங்கிய இடம் இது. சில வருடங்களுக்கு முன் ஒரு பேட்டித் தொடர் செய்தோம், இரண்டு கேமரா. இரண்டிலுமே கிளிப்புகள் சி0001, சி0002 என்றுதான் வந்தன, இரண்டிலுமே டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்) பூஜ்யத்திலிருந்து ஓடியது. ஃபோல்டரால் மட்டும்தான் பிரித்து வைத்திருந்தோம், ஒன்றில் கேமரா ஒன்று, இன்னொன்றில் கேமரா இரண்டு. வெளியூர் எடிட்டர் டிஸ்கில் இடம் போதவில்லை என்று ஒரு ஃபோல்டரை வேறு டிஸ்குக்கு மாற்றினார், பெயரை வைத்து ரீலிங்க் ஆனது, சிவப்பு எதுவும் இல்லை, எல்லாருக்கும் நிம்மதி. கலர் சரிசெய்ய டி.ஐ.யில் உட்கார்ந்தபோதுதான் கலரிஸ்ட் நிறுத்தினார், பேசுகிறவரின் குளோசப் வர வேண்டிய இடத்தில் எதிரில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர் வருகிறார். மொத்த எபிசோடிலும் 40க்கு மேல் ஷாட் இப்படி மாறியிருந்தது, பழைய ரெஃபரன்ஸ் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினோம். டைம்லைனில் சிவப்பு வந்தால் குறைந்தபட்சம் தெரிகிறது. தப்பான ஷாட் சரியான ஷாட் போல வந்து உட்கார்ந்துகொண்டால் யாருக்கும் தெரியாது, ஆபத்து அதில்தான்.

எனவே ஒரு ப்ராஜெக்டுக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கவே கூடாது. பெயருக்கு முன்னொட்டு வைக்கும் வசதி கேமராவிலேயே இருந்தால் ஷூட்டுக்கு முன்பே தேதியும் கேமரா எழுத்தும் வரும்படி அமைத்துவிடுங்கள், அதுதான் உத்தமம். இல்லையென்றால் கார்டிலிருந்து காப்பி எடுத்த கையோடு, ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய அளவு நகல்) போடுவதற்கும் எடிட்டில் இறக்குவதற்கும் முன்னால், ஒரே ஒரு முறை பெயரை மாற்றுங்கள், அதற்கப்புறம் யாரும் தொடக்கூடாது. தனித்தனி எம்பி4 ஃபைலாகத் தரும் கேமராக்களுக்குத்தான் இது பொருந்தும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கித் தரும் ரெட், ஆரி மாதிரியான கேமராக்களின் கார்டில் எதையும் பெயர் மாற்றாதீர்கள், அவை கிளிப்புக்குத் தனித்துவமான பெயரைத் தாங்களே கொடுக்கின்றன.

இன்னொன்று, தமிழில் எழுதுகிற நமக்கே உரிய சிக்கல். ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் நிறைய பேர், நானும் வைத்திருக்கிறேன். 'கோயில் விழா' என்று ஒரு ஃபோல்டர் போடுகிறீர்கள். அதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்குமே இப்படித்தான். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மேட் ஆன டிஸ்க் அதைப் பிரித்துத்தான் சேமிக்கும், விண்டோசில் தட்டியது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். நடுவில் இருக்கும் லினக்ஸ் நாஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். கடைசியில் ஒரே ஷேரில் 'கோயில் விழா' என்று இரண்டு ஃபோல்டர் நிற்கும், ஒன்றில் பாதி, இன்னொன்றில் மீதி. எது எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இவ்வளவு போதும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள் குறி எதுவும் வேண்டாம், மேக்கில் ஏற்றுக்கொள்ளும் சில குறிகளை விண்டோஸ் ஏற்காது. தமிழில் எழுத வேண்டியதை ப்ராஜெக்டுக்குள் கிளிப்புகளை அடுக்கும் 'பின்'னின் பெயராகவோ குறிப்பாகவோ தாராளமாக எழுதுங்கள்.

சரி, இப்போது எது எங்கே போக வேண்டும் என்ற கணக்குக்கு வருவோம். 4கே, நொடிக்கு 25 ஃபிரேம், 250 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஃபுட்டேஜ் ஏறக்குறைய 112 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்த்து ஒரு நாளில் 6 மணி நேரம் எடுத்தால் 675 ஜிபி. உங்கள் ஆபீஸ் லைன் 100 மெகாபிட் என்றால் நிஜத்தில் 80 கிடைக்கும், அதாவது நொடிக்கு 10 மெகாபைட். 675 ஜிபி போய்ச்சேர கிட்டத்தட்ட 19 மணி நேரம், அதுவும் ஆபீசில் வேறு யாரும் இணையத்தைத் தொடாமல் இருந்தால். அதே 6 மணி நேரத்தை 10 மெகாபிட் ப்ராக்ஸியாக மாற்றினால் மொத்தம் 27 ஜிபி, முக்கால் மணி நேரத்தில் போய்விடும். சாயங்காலம் ஷூட் முடிந்து கார்டு வந்து, இரவு ப்ராக்ஸி ஓடினால், மறுநாள் காலை கோவையில் காபி குடித்துவிட்டு உட்காருகிறவர் எடிட்டைத் தொடங்கிவிடலாம்.

ஆகவே மூல ஃபுட்டேஜுக்கு ஒரே வீடு, அது உங்கள் ஆபீஸ் நாஸ். அன்றாட வேலைக்கு அது பயணம் போகாது. போய் வருவது ப்ராக்ஸியும் ப்ராஜெக்டும் மட்டும். வெளியூர் எடிட்டர் ப்ராக்ஸியில் வெட்டுகிறார், ப்ராஜெக்ட் திரும்பி வருகிறது, ஆபீசில் அதே டைம்லைன் மூலத்தோடு ஒட்டிக்கொள்கிறது, கலரும் கடைசி ரெண்டரும் ஆபீசிலேயே நடக்கின்றன. வெளியூர் சிஸ்டத்தில் ஃபைனல் ரெண்டர் கிடையவே கிடையாது என்று சட்டம் போட்டுவிடுங்கள். ப்ராக்ஸியிலிருந்து எடுத்த வீடியோ கிளையன்ட்டுக்கு ஃபைனலாகப் போன கதை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு. ப்ராக்ஸி போடும்போதே மூலையில் சின்னதாக 'ப்ராக்ஸி' என்ற எழுத்தைப் படத்திலேயே பதித்துவிட்டால் அந்தப் பயமே இல்லை.

ப்ராக்ஸி நல்லபடியாக ஒட்ட வேண்டுமானால் அதன் பெயர், டைம்கோட், ஃபிரேம் ரேட், நீளம், ஆடியோ சேனல் எண்ணிக்கை எல்லாம் மூலத்தோடு பொருந்த வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது ஆடியோவில்தான். கேமராவில் 4 சேனல் இருக்கும், ப்ராக்ஸி பிரீசெட்டில் ஸ்டீரியோ என்று இருக்கும், பிரீமியர் ஒட்ட மாட்டேன் என்று சொல்லும், அல்லது மூன்றாவது சேனலில் இருந்த காலர் மைக் ஒலி ப்ராக்ஸியில் காணாமல் போயிருக்கும். முதல் கார்டு வந்ததும் ஒரே ஒரு கிளிப்புக்கு ப்ராக்ஸி போட்டு, ஒட்டி, எல்லா சேனலையும் காதால் கேட்டுவிட்டு அப்புறம் மொத்தத்தையும் ஓடவிடுங்கள். செல்போனில் எடுத்தது, ஸ்கிரீன் ரிக்கார்டிங், வாட்ஸ்அப்பில் வந்தது, இவற்றில் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது. அவற்றை முதலில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றி, மாற்றியதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ப்ராக்ஸியில் சரியாக இருக்கும் உதட்டசைவு மூலத்தில் தள்ளிப் போகும்.

போடுவதற்கு என்ன கருவி? ரிசால்வ் என்றால் பிளாக்மேஜிக் ப்ராக்ஸி ஜெனரேட்டர், 2022இல் ரிசால்வ் 18ஓடு வந்தது. ஃபோல்டரைக் காட்டிவிட்டால் உள்ளே விழும் ஃபைல்களுக்குத் தானாகப் போட்டு, மூலம் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே ப்ராக்ஸி என்ற பெயரில் துணை ஃபோல்டரில் வைக்கும், ரிசால்வ் அதைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். பிரீமியர் என்றால் மீடியா என்கோடர். ஆபீசில் யாரும் உட்காராத பழைய சிஸ்டம் ஒன்று இருந்தால் இதற்கே ஒதுக்கிவிடுங்கள். வடிவம்? வெளியூருக்கு எச்.264, 1080 அல்லது 720 போதும். புரோரெஸ் ப்ராக்ஸி 1080இல் 25 ஃபிரேமுக்கு 38 மெகாபிட், அதாவது மணிக்கு 17 ஜிபி. இழுத்துப் பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும், லைன் வேகம் தாங்கினால் அதையே எடுங்கள். ஆபீசுக்குள்ளும் ப்ராக்ஸி தேவைப்படலாம். புதுக் கேமராக்கள் எச்.265, 10 பிட், 4:2:2 என்ற, விரித்துக் காட்டக் கடினமான வகையில் எழுதுகின்றன. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து அந்த வகையை ஹார்டுவேரில் விரிக்கும் வசதி உண்டு, ஆப்பிளின் எம் சிப்புகளில் உண்டு, ஆனால் என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்னால் கிடையாது. லட்ச ரூபாய் கார்டு போட்டும் டைம்லைன் திக்குகிறதே என்று புலம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ப்ராக்ஸியை அனுப்ப நான் சிபாரிசு செய்வது சின்க்திங், இரண்டு சிஸ்டத்தில் உள்ள ஃபோல்டர்களை ஒன்றுபோல் வைக்கும் (சின்க் செய்யும்) மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ், நடுவில் யாருடைய சர்வரிலும் உங்கள் ஃபைல் தங்காது, பாதியில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விட்டுவிடாதீர்கள். நெல்லையில் இடம் இல்லை என்று ஒருவர் ஒரு ஃபோல்டரை அழித்தால் சின்க் என்பது அந்த அழிப்பையும் நேர்மையாக ஆபீசுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆபீசில் ப்ராக்ஸி ஃபோல்டரை 'அனுப்ப மட்டும்' என்றும் வெளியூரில் 'வாங்க மட்டும்' என்றும் அமையுங்கள், பழைய பிரதியைப் பத்திரமாக வைக்கும் ஃபைல் வெர்ஷனிங்கையும் போட்டுவிடுங்கள். பிரீமியர் பயன்படுத்தினால் மீடியா அமைப்புகளில், இறக்கும்போது ஃபைலுக்குள் எக்ஸ்எம்பி என்ற தகவல் அடையாளத்தை எழுதும் தேர்வு ஒன்று இருக்கும், அதை எல்லாச் சிஸ்டத்திலும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஃபைலைத் திறந்து பார்த்ததற்கே அதன் உள்ளடக்கம் ஒரு துளி மாறும், சின்க் கருவி புது ஃபைல் என்று நினைத்து மறுபடி அனுப்பத் தொடங்கும். இரவெல்லாம் லைன் ஏன் நிரம்பி வழிகிறது என்று நாங்கள் ஒரு வாரம் தேடியது இதைத்தான்.

மூல ஃபோல்டரை எடிட்டர்கள் யாருக்கும் எழுதும் அனுமதி இல்லாமல், படிக்க மட்டும் கொடுங்கள். கார்டு காப்பி எடுப்பவருக்கும் ப்ராக்ஸி போடும் சிஸ்டத்துக்கும் மட்டும் எழுதும் அனுமதி. நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஃபோல்டரை இழுத்து வேறெங்கோ போட்டுவிடுவது எவ்வளவு நல்ல எடிட்டருக்கும் நடக்கும்.

நாஸை வெளியிலிருந்து எட்ட ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது, அடுத்த மாதம் ஆசஸ்டோர் பெட்டிகளுக்கும் அதே கதி. டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் போட்டால் உங்கள் சிஸ்டங்களுக்கு மட்டும் தனி வழி கிடைக்கும், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். நம் வீட்டு இணையத்தில் பலருக்குத் தனி ஐபி முகவரியே கிடைப்பதில்லை, அதையும் இது தாண்டிவிடும். ஆனால் அந்த வழியாக நாஸை நேரே மவுன்ட் பண்ணி மூல ஃபுட்டேஜை எடிட் செய்ய முயலாதீர்கள். விண்டோஸ் ஷேர் முறை ஒவ்வொரு ஃபைலைத் திறக்கவும் பல சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஆபீசுக்குள் அந்தக் காத்திருப்பு தெரியாது, கோவையிலிருந்து ஒவ்வொன்றும் போய் வர வேண்டும், அதனால் லைன் வேகம் எவ்வளவு இருந்தாலும் பின்னைத் திறக்கவே நிமிடக் கணக்காகும்.

ப்ராஜெக்ட் ஃபைலைப் பற்றி. ரிசால்வ் என்றால் வழி தெளிவு: ஆபீசில் ப்ராஜெக்ட் சர்வர் வைத்து டெயில்ஸ்கேல் வழியாகச் சேரலாம், அல்லது பிளாக்மேஜிக் கிளவுடில் லைப்ரரி வாங்கலாம். ஒரே ப்ராஜெக்டில் ஆளுக்கொரு டைம்லைனாக உட்காரலாம், யார் எந்த பின்னைப் பிடித்திருக்கிறார் என்பது தெரியும். ஃபுட்டேஜ் அதில் ஏறாது, தகவல் மட்டும்தான், அதனால் லைனுக்குச் சுமை இல்லை. ரிசால்வின் உள்ளூர் டேட்டாபேஸ் ஃபோல்டரைத் தூக்கி சின்கில் போடுவது மட்டும் வேண்டாம், கெட்டுப்போகும். பிரீமியரில் புரொடக்‌ஷன்ஸ் என்ற முறை 2020இல் வந்தது, ஆபீசுக்குள் ஒரே நாஸில் பலர் வேலை செய்ய அருமை. அது ஒருவர் திறந்திருக்கிறார் என்பதைப் பூட்டு ஃபைலால் காட்டுகிறது. சின்க் வழியாக அந்தப் பூட்டு தாமதமாகத்தான் போகும், அதற்குள் இன்னொருவர் திறந்துவிடுவார். ஆகவே வெளியூருக்கு ஒரு எபிசோட், ஒரு ரீல் என்று பிரித்து ஆளுக்கொரு ப்ராஜெக்ட் ஃபைலாகக் கொடுங்கள். பெயரில் தேதியும் எடிட்டரின் முதலெழுத்தும் இருக்கட்டும். கை மாறும்போது வாட்ஸ்அப் குழுவில் 'கொடுத்துட்டேன்', 'எடுத்துக்கிட்டேன்' என்று இரண்டு பக்கமும் எழுதும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது, எந்த மென்பொருளை விடவும் அது நன்றாக உழைக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் சிவப்பில் பாதி இதனால்தான் இருக்கும்: எடிட் நடுவே சேரும் புதுச் சரக்கு. கோவைக்காரர் ஒரு பின்னணி இசையைத் தேடி இறக்குகிறார், அது டவுன்லோட்ஸில் இருக்கிறது. லோகோ டெஸ்க்டாப்பில் இருக்கிறது. அப்படியே டைம்லைனில் இழுத்துப் போட்டால் அவர் திரையில் எல்லாம் ஓடும், ஆபீசில் அந்த ஃபைலே கிடையாது. ப்ராஜெக்ட் அடுக்குக்குள் 'உள்வரவு' என்ற பொருளில் ஆளுக்கொரு ஃபோல்டர் வையுங்கள், அது மட்டும் வெளியூரிலிருந்து ஆபீசுக்கு சின்க் ஆகட்டும். எதுவானாலும் முதலில் அங்கே வைத்துவிட்டுத்தான் டைம்லைனுக்கு இழுக்க வேண்டும்.

எழுத்துருவும் அந்தச் சரக்கில் சேர்த்தி. பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத எழுத்துருவில் டைட்டில் அடித்திருந்து, மறுபக்கம் அது இல்லையென்றால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள், அந்த எழுத்துரு ஃபைலையும் ப்ராஜெக்டோடு அனுப்புங்கள். பிரீமியரில் கிராபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வை ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும், ஒன்றில் விட்டுப்போனாலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். கலர் மாற்றும் லட் ஃபைல்கள், பிளக்இன்கள், மென்பொருளின் பதிப்பு எண் எல்லாம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் நடுவில் யாரும் அப்டேட் அழுத்தக்கூடாது, புதுப் பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்காது. மென்பொருள் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் மீடியா கேஷை மட்டும் எப்போதும் அவரவர் சிஸ்டத்தின் எஸ்எஸ்டியில் வையுங்கள், நாஸிலும் வேண்டாம், சின்கிலும் வேண்டாம்.

ரிமோட் டெஸ்க்டாப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்செக் மாதிரி ஒன்றால் வீட்டிலிருந்தே ஆபீஸ் சிஸ்டத்தை ஓட்டலாம், ஃபுட்டேஜ் நகரவே வேண்டாம், அவசரக் கரெக்‌ஷனுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஆளுக்கொரு ஆபீஸ் சிஸ்டம் காலியாக இருக்க வேண்டும், ஆபீஸ் அப்லோட் வேகம் நிலையாக இருக்க வேண்டும். சுருக்கி அனுப்பிய படத்தை வைத்துக் கலர் மட்டும் முடிவு செய்யாதீர்கள். லூசிட்லிங்க் போன்ற கிளவுட் டிரைவ்கள் ஃபைலில் தேவையான துண்டை மட்டும் இழுத்துக் கொடுக்கும். ஆபீசே இல்லாமல் பத்து ஊரில் பத்துப் பேர் வேலை செய்கிற குழுவுக்கு அது நியாயமான செலவு, உங்களுக்கு இப்போது தேவையில்லை. கூகுள் டிரைவை எடிட்டுக்கு நடுவில் வைக்காதீர்கள், கிளையன்ட்டுக்கு வீடியோ அனுப்ப வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 750 ஜிபிக்கு மேல் அதில் ஏற்றவும் முடியாது.

ஆபீசுக்குள் லைன்: மூன்று பேர் இரண்டு கேமரா மல்ட்டிகேம் ஓட்டினால் மூவருக்கும் சேர்த்து 1500 மெகாபிட், சாதாரண கிகாபிட் சுவிட்ச் 1000தான். நாஸுக்கும் சுவிட்சுக்கும் இடையே 10 கிகாபிட், சிஸ்டங்களுக்கு 2.5 இருந்தால் போதும். கேட்6 கேபிள் 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டைத் தாங்கும்.

கூரியரை முழுக்க விட வேண்டாம். 8 டிபி ஃபுட்டேஜ் உங்கள் லைனில் போக ஒன்பது நாளுக்கு மேல் ஆகும், இரவு ஆம்னி பஸ் பார்சலில் மறுநாள் காலை போய்விடும். நீண்ட ப்ராஜெக்ட் என்றால் தொடக்கத்தில் ஒரே முறை மூலம் முழுவதையும் செக்சம் சரிபார்த்து, அதாவது நகல் மூலத்தோடு அப்படியே ஒன்றா என்று சோதித்து, டிஸ்கில் போட்டு அனுப்புங்கள். ரிசால்வின் குளோன் கருவியே அதைச் செய்யும். இழுத்துப்போட்டு காப்பி எடுத்துவிட்டு அளவு சரியாக இருக்கிறதே என்று கார்டை ஃபார்மேட் செய்வது வேண்டாம். அந்த டிஸ்க் கோவையிலேயே இருக்கட்டும், அதுவே உங்கள் வெளியூர் பேக்கப். நாஸில் ரெய்டு (பல டிஸ்கைச் சேர்த்து இயக்கும் முறை) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், திருட்டு, தீ, வெள்ளம், தப்பாக அழித்தது எதற்கும் உதவாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். நாஸை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து உயரத்தில் வையுங்கள், யூபிஎஸ்ஸில் கட்டுங்கள், கரண்ட் போனால் தானாக அணையும்படி யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரையும் நாஸில் செருகுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இப்போது ஓடுகிற ப்ராஜெக்ட் பழைய முறையிலேயே முடியட்டும். அடுத்த ஷூட்டுக்கு முன் பத்து கிளிப் எடுத்து, பெயர் மாற்றி, ப்ராக்ஸி போட்டு, கோவைக்கும் நெல்லைக்கும் அனுப்பி, அங்கே ஒரு நிமிட டைம்லைன் வெட்டி, ஒரு பாட்டும் ஒரு தமிழ் டைட்டிலும் சேர்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அதை ஆபீசில் திறந்து மூலத்துக்கு மாற்றுங்கள். சிவப்பு இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள், அவர்கள் அனுப்பிய ரெஃபரன்ஸ் வீடியோவை மேல் டிராக்கில் போட்டு, கீழே உள்ளதும் தெரியும்படி பாதி ஊடுருவலாக்கி, ஒரு முறை முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். எங்கேயாவது இரண்டு முகம் தெரிந்தால் அங்கே நிறுத்தி அந்தக் கிளிப்பின் பெயரைப் பாருங்கள்.